குயின் தெருவில் ஒரு பழைய லென்ஸ்

பினாங்கு குயின் ஸ்திரீட்டில் 1833-இல் எழுந்த மகா மாரியம்மன் கோயிலின் கோபுரத்தையும் இருபுறக் கடைவரிசையையும் ஒரே படத்தில் அடக்க முயன்றிருக்கிறீர்களா? நாலு எட்டு பின்னால் வைத்தால் எதிர்க்கடைச் சுவர் முதுகில் இடிக்கும்.

போன மாதம் விடியற்காலையில் 8x10 அங்குல ஃபிலிம் போடும் பெரிய கேமராவோடு போனேன். லென்ஸ், ஈப்போ அங்கிள் ஒருவர் கொடுத்த இரவல் ஹைபர்கான். 1900 வாக்கில் பெர்லினின் கோர்ஸ் நிறுவனம் கொண்டுவந்தது. மெல்லிய இரண்டே கண்ணாடிகள். 135 டிகிரி பார்வை! ஆனால் ஓரங்களுக்கு வெளிச்சம் சரியாகப் போய்ச் சேராது. அதனால் முன்னால் நட்சத்திர வடிவில் ஒரு குட்டிக் காற்றாடி. ரப்பர் பந்தை அமுக்கினால் அது சுழன்று நடுப்பகுதியை மட்டும் மறைக்கும். கடைசியில் அதை விலக்கிவிட வேண்டும்.

பந்து வயதாகி வெடித்திருந்தது. கையில் ஒரே ஒரு ஃபிலிம். அங்கிளோ லென்ஸை விற்கப் போகிறார். குழாயில் வாயை வைத்து நானே ஊதினேன். வானொலிக்காரன் மூச்சு வேறெதற்கு?

“என்ன தம்பி, அடுப்பா ஊதுறீங்க?” என்றார் பக்கத்துப் பூக்கார அக்கா.

படத்தில் கோபுரம் நேராக நிற்கிறது. ஓரத்தில் அக்கா மட்டும் ஜவ்வு மிட்டாய்போல இழுபட்டிருக்கிறார்.

“கோயில் அழகா இருக்கு. என்னைத்தான் குண்டாக்கிட்டீங்க” என்றவர், படத்தைத் திருப்பித் தரவில்லை.

லென்ஸைக் கொடுக்க ஈப்போவுக்குப் போக வேண்டும். இன்னும் போகவில்லை.