பாகனின் இருக்கை

2019ஆம் ஆண்டு தை மாதம். செங்கம் சாலையிலிருந்து பிரியும் எங்கள் தெருவின் முனையில், காலிமனை ஒன்றில், வெளிர்நீல நிறத்தில் பழைய சிறு பேருந்து ஒன்று வந்து நின்றது. ரமணாசிரமத்தைத் தேடி வருகிற வெளிநாட்டவரைப் பார்த்துப் பழகிய தெருதான் எங்களுடையது. எனினும் வீட்டையே ஓட்டிக்கொண்டு வந்தவர்களை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தோம். பயணிகள் இருக்கைகளைக் கழற்றிவிட்டுக் கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, சிறியதொரு புத்தக அலமாரி ஆகியவற்றை உள்ளே பொருத்தியிருந்தார்கள். ஜெர்மனியில் 1970களில் செய்த மெர்சிடிஸ் பென்ஸ் வண்டி. துருக்கி, ஈரான், பாகிஸ்தான் வழியாக வாகா எல்லையைக் கடந்து திருவண்ணாமலை வரை அதை ஓட்டி வந்தவர் மனைவி. கணவர் சமையலுக்கும் வரைபடத்துக்கும் பொறுப்பு.

மூன்றாம் நாள் அந்தப் பெண்மணி எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினார். தெருவில் ஆங்கிலம் பேசக்கூடியவன் என்று யாரோ என்னைக் காட்டியிருக்கிறார்கள். ஓட்டுநர் இருக்கையின் இரும்புச் சட்டம் ஒரு பக்கம் முறிந்து சாய்ந்துவிட்டது. கீழே சில்லுப் பலகையை முட்டுக்கொடுத்து ராஜஸ்தானிலிருந்து ஓட்டி வந்திருக்கிறார். இடுப்பைப் பிடித்தபடிதான் நின்றார். புதிய இருக்கை எங்கே கிடைக்கும் என்பதே அவருடைய கேள்வி.

எனக்குத் தெரியவில்லை. சங்க இலக்கியத்தில் எந்த நிலத்துக்கு எந்தப் பூ என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். திண்ணையில் நாளிதழ் வாசித்துக்கொண்டிருந்த என் அப்பா கண்ணாடியைக் கழற்றி மடித்து வைத்தார். “போய்ப் பாக்கலாம் வா” என்றார்.

அப்பா 29 ஆண்டுகள் பேருந்து ஓட்டியவர். முகப்பிலிருந்த மூன்று முனை நட்சத்திரத்தைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது. லாரியில் கிளீனராக இருந்து அவர் தொழில் கற்ற வண்டியிலும் அதே நட்சத்திரம் இருந்ததாம். டெல்கோ நிறுவனம் 1954 முதல் 1969 வரை டைம்லர் பென்ஸின் கூட்டுறவோடு லாரிகளைச் செய்தது. அந்த உறவு முடிந்த பிறகும் பழைய வண்டிகள் நெடுங்காலம் நம் சாலைகளில் ஓடின.

ஜெர்மன் வண்டியாதலால் ஓட்டுநர் இடம் இடப்பக்கம் இருந்தது. ஒரு கணம் தயங்கி, ஏறி அமர்ந்து, கிளட்சை மிதித்துப் பார்த்தார். பிறகு அந்த அம்மாளையே உட்காரச் சொன்னார். கிளட்சை முழுதும் அழுத்தும்போது முழங்கால் சற்று மடிந்திருக்கிறதா, முதுகு சாய்மானத்தை விட்டு விலகுகிறதா என்று கவனித்தார். இருக்கையின் முன்விளிம்புக்கும் முழங்காலின் பின்புறத்துக்கும் இடையே நான்கு விரல் இடம் வேண்டும் என்றார். இல்லையென்றால் தொடையில் ரத்தம் ஓடாமல் கால் மரத்துவிடும். நான் ஒவ்வொன்றையும் மொழிபெயர்த்தேன். அந்தப் பெண்மணி குறிப்பேட்டை எடுத்து எழுதத் தொடங்கினார். அப்பா சொல்லி ஒருவர் எழுதிக்கொள்வதை நான் அதுவரை பார்த்ததில்லை.

பழைய உதிரிபாகங்கள் விற்கும் இடத்தில் லாரியிலிருந்து கழற்றிய இருக்கை ஒன்று கிடைத்தது. அடியில் சுருள்வில் வைத்தது. ஆனால் பழையதைவிட மூன்று அங்குலம் உயரம். அப்படியே பொருத்தினால் அவர் தலை கூரையில் இடிக்கும். பழைய இருக்கையின் கீழிருந்த மேடையை அறுத்தெடுத்துவிடலாம் என்றார் அப்பா. தரையிலிருந்த துளைகளும் புதிய சட்டத்தின் துளைகளும் பொருந்தவில்லை. பட்டறைக்காரர் தரையோடு பற்றவைத்துவிடலாம் என்றபோது அப்பா கடுமையாக மறுத்தார். தகரத்தில் வைக்கிற பற்று குலுங்கிக் குலுங்கி விட்டுப்போகும். இடையில் தடித்த இரும்புத் தகடு ஒன்றைக் கொடுத்து, தரைக்கு அடியிலும் அகலமான பட்டை வைத்து, போல்ட்டு போட்டு முடுக்கவேண்டும் என்றார். மேடையை அறுக்கும் முன் பேட்டரி இணைப்பைக் கழற்றச் சொன்னார்.

இருக்கை தைக்கும் கடையில் மெத்தென்ற ஸ்பாஞ்சை எடுத்துக் காட்டினார்கள். “அது சோபாவுக்குப்பா. பள்ளத்துல எறங்கினா அடிப்பலகைல போய்த்தான் நிக்கும்” என்று சொல்லி, கீழே ரப்பர் கலந்த தேங்காய் நார், மேலே கெட்டி ஸ்பாஞ்ச் என்று அடுக்கச் சொன்னார். மேலுறைக்கு ரெக்சின் வேண்டாம், வேர்க்கும். துணி போடு என்றார்.

அன்றிரவு இணையத்தில் தேடி வாசித்தேன். அமர்ந்திருக்கும் மனித உடல் நொடிக்கு 4 முதல் 8 வரையிலான செங்குத்து அதிர்வுகளுக்கே மிக எளிதில் இளகிக்கொடுக்கிறது. சாலையில் ஓடும் கனரக வண்டிகளின் குலுக்கம் பெரும்பாலும் இந்த எல்லையை ஒட்டியே இருக்கிறது. ஓட்டுநரின் முதுகெலும்புக்கு வரும் கேட்டுக்கு இதுவும் ஒரு காரணம். ஐரோப்பிய ஒன்றியம் 2002இல் இதற்கென்று ஒரு நெறிமுறையே வகுத்து, எட்டு மணி நேரப் பணியில் ஒரு தொழிலாளியின் உடல் தாங்கக்கூடிய அதிர்வுக்கு வரம்பு கட்டியிருக்கிறது. அதற்கும் முன்பு, 1953இல், ஜெரி மாரிஸ் என்ற மருத்துவரும் அவர் குழுவினரும் லண்டன் பேருந்துப் பணியாளர்களை ஆராய்ந்து எழுதினார்கள். நாளெல்லாம் மாடிப்படி ஏறி இறங்கிய நடத்துநர்களைவிட, அமர்ந்தே இருந்த ஓட்டுநர்களுக்கு இதயநோய் அதிகம் என்பது அவர்கள் கண்டது. ஒரே வண்டி, ஒரே வழித்தடம், ஒரே பணிநேரம். ஆயினும் இருவேறு உடல்கள். சீருடை அளவுகளைப் பார்த்தபோது ஓட்டுநர்களின் இடுப்புச் சுற்றளவு தொடக்கத்திலேயே பெரிது என்பதையும் 1956இல் அவர்களே எழுதி, தம் முடிவைத் தாமே சோதித்துக்கொண்டார்கள்.

வாசித்துக்கொண்டிருந்தபோது அப்பாவின் முதுகு நினைவுக்கு வந்தது. ஓய்வு பெறுவதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, வட்டு விலகி அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர் அவர். ‘வயசாச்சு இல்ல’ என்று அவர் சொன்னதை நாங்கள் எல்லோரும் நம்பினோம்.

மறுநாள் மாலை வேலை முடிந்தது. அந்த அம்மாள் வண்டியைச் செங்கம் சாலையில் சிறிது தூரம் ஓட்டிவிட்டு வந்து இறங்கினார். அப்பாவின் கைகளைப் பற்றிக்கொண்டார். பிறகு என்னிடம், “இவர் ஓட்டிய பேருந்தில் இருக்கை எப்படி இருந்தது என்று கேளுங்கள்” என்றார்.

நான் கேட்டேன். பத்தாண்டுகளுக்கும் மேலாக ஓய்விலிருந்த மனிதரிடம், ஒரு வெளிநாட்டுப் பெண்ணின் சார்பில், மொழிபெயர்ப்பாளனாக நின்று கேட்டேன்.

“எங்க இருந்துது? ஸ்பாஞ்சு பாதி இருக்கும், பாதி எலி தின்னிருக்கும். பக்கத்துல இன்ஜின் பானெட்டு கொதிக்கும். உங்கம்மா பொடவைய நாலா மடிச்சுத் தெச்சுக் குடுப்பா, அதப் போட்டுக்குவேன். வாரத்துக்கு ஒண்ணு நஞ்சுபூடும்.”

அந்தப் புடவை மூட்டையை நான் அறிவேன். சாப்பாட்டுப் பையோடு ஒவ்வொரு நாளும் அவர் கையில் இருந்தது. டிபன் கேரியர் சூடு ஆறாமலிருக்கச் சுற்றிக்கொண்டு போகிறார் என்றே நினைத்திருந்தேன். பள்ளி நாட்களில் அவருடைய பேருந்து வந்தால் அடுத்த பேருந்துக்குக் காத்திருந்தவன் நான். காக்கிச் சட்டையோடு அவர் என்னைப் பெயர் சொல்லி அழைத்துவிடுவார் என்ற கூச்சம். ஒருமுறை ஏறியிருந்தாலும் அந்தப் புடவையைப் பார்த்திருப்பேன்.

எங்கள் ஊரில் அமர்தல் பெரிய சொல். 1896இல் இங்கு வந்த இளைஞர் வேங்கடராமன் பாதாள லிங்கத்தின் அருகே அமர்ந்திருந்தபோது, பூச்சிகள் தொடைகளை அரித்ததையும் உணரவில்லை என்று அவருடைய வாழ்க்கை வரலாறுகள் கூறுகின்றன. அந்த இருத்தலைத் தேடித்தான் உலகெங்கிலுமிருந்து வருகிறார்கள். பௌர்ணமிதோறும் 14 கிலோமீட்டர் மலைசுற்ற வருகிறவர்களை இரவெல்லாம் ஏற்றி இறக்கிய ஓட்டுநர்களும் அமர்ந்துதான் இருந்தார்கள். அவர்கள் தங்கள் உடலை உணராமலில்லை. உணர்ந்துகொண்டே ஓட்டினார்கள்.

ஐங்குறுநூற்றில் பேயனார் பாடிய முல்லையில் ‘தேர் வியங்கொண்ட பத்து’ என்றொரு பகுதி உண்டு. வினை முடித்துத் திரும்பும் தலைவன், காத்திருக்கும் தலைவியை எண்ணி, தேரை விரைந்து செலுத்துமாறு பாகனை ஏவும் பத்துப் பாடல்கள். ஆண்டுதோறும் அதைப் பாடம் நடத்துகிறேன். தலைவியின் இருத்தல், தலைவனின் விரைவு, கார்காலத்தின் வரவு என்று உரிப்பொருளும் முதற்பொருளும் கரும்பலகையில் நிறையும். பத்துப் பாடல்களிலும் பேசுகிறவன் தலைவன் ஒருவனே. பாகனுக்கு ஒரு சொல்லும் இல்லை. அவனுக்கும் ஒரு வீடு இருந்திருக்கும், அங்கும் ஒருத்தி காத்திருந்திருப்பாள் என்பது பாகனின் மகனாகிய எனக்கே தோன்றியதில்லை.

நீலப் பேருந்து மாசியில் தெற்கே புறப்பட்டுப் போயிற்று. அப்பா தெருமுனை வரை நடந்து சென்று, அது கண்ணுக்கு மறையும்வரை நின்றுவிட்டு வந்தார்.

அவ்வாண்டு அந்தப் பத்தை நடத்தியபோது, வகுப்பில் யாருடைய அப்பா வண்டி ஓட்டுகிறவர் என்று கேட்டேன். முதலில் ஒரு கையும் எழவில்லை. என் அப்பா பேருந்து ஓட்டுநர் என்று சொன்னேன். பிறகு ஏழு கைகள் எழுந்தன. அவர் உட்காரும் இடத்தில் என்ன விரித்திருக்கிறார் என்று கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. கடைசி வரிசை மாணவி ஒருத்தி மட்டும் எழுந்து, “எங்கப்பா லாரி ஓட்றாரு ஐயா. இன்னைக்கு ராத்திரி லோடு எறக்க வருவாரு. பாத்துட்டு வந்து சொல்றேன்” என்றாள்.