தெக்கால திருப்பு

திருவண்ணாமலை அய்யங்குளத்துப் படிகளில் காலை வெயில் மெல்ல இறங்குகிறது. நேற்று மாலை 6 மணிக்கு மலையுச்சியில் மகாதீபம் ஏற்றினார்கள். பகலில் அது கண்ணில் படாது. இருட்டினால் மறுபடி தெரியும், இப்படியே 11 நாள். தெருவில் கூட்டம் கரைந்துகொண்டிருக்கிறது. தூங்கி வழியும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு வழி கேட்கிறார்கள். குளத்தின் பக்கம் திரும்பிப் பார்க்க ஒருவருக்கும் நேரமில்லை.

இன்றிரவு சுவாமி ஏறி வலம்வரப்போகிற தெப்பல் குளத்தில் நிற்கிறது. பூவில்லை, விளக்கில்லை. அடியில் வரிசையாகப் பீப்பாய்கள், அவற்றின்மேல் குறுக்கும் நெடுக்குமாகச் சவுக்குக் கழிகள், கழிகளின்மேல் பலகை. அவ்வளவுதான் இப்போதைக்கு. இரண்டு பேர் அதில் வேலை செய்கிறார்கள். ஒருவர் உள்ளூர்த் தச்சர். இன்னொருவர் மரக்காணம் பக்கத்துக் கடல்காரர், தச்சருக்கு நெடுநாள் சிநேகிதர். டீ கொண்டுவந்த பையனிடம் தச்சர் சொன்னது காதில் விழுந்தது. "ஒவ்வொரு கார்த்திகைக்கும் வந்துருவான். காசு குடுத்தா சண்டைக்கு வருவான்."

கடல்காரர் மஞ்சள் பையைப் படியில் வைத்தார், வேட்டியை மடித்துக் கட்டினார், மார்பளவு தண்ணீரில் இறங்கினார். பீப்பாய் பீப்பாயாகத் தட்டிக்கொண்டே போகிறார். ஒன்றினிடம் நின்று மறுபடி தட்டுகிறார். மூடிப்பக்கம் கையை வைத்து அமுக்கிப் பார்க்கிறார். கொப்புளம் கொப்புளமாக நீர்க்குமிழி வருகிறது.

"மச்சான், இது ஒழுவுது. மாத்திடு."

தச்சர் எதிர்க்கேள்வி கேட்கவில்லை. 200 லிட்டர் பீப்பாய் ஒன்று ஏறத்தாழ 180 கிலோ பாரத்தைத் தாங்கும். அதில் தண்ணீர் ஏறிவிட்டால் தாங்குகிற பீப்பாயே பாரமாகி, அந்த மூலை தாழ்ந்துவிடும். கரையில் கிடந்த வேறொன்றை உருட்டி வந்தார்கள். மூடியை இறுக்கி, தண்ணீரில் முக்கிப் பார்த்து, கூட்டுக்குள் செருகினார்கள்.

அடுத்து நடந்தது கட்டு வேலை. என்னைக் கேட்டால், அந்தக் காலை முழுக்கப் பார்க்க வேண்டியது அதுதான். கழியும் கழியும் சேரும் இடத்தில் தச்சர் ஆணியைத் தொடவே இல்லை. தண்ணீர்மேல் ஆட ஆட ஆணி துளையை அகட்டிவிடும். கயிறு ஆட்டத்தோடு சேர்ந்து இசைந்து கொடுக்கும். கட்டுமரமும் கயிற்றை நம்பித்தான் அலைமேல் ஏறுகிறது. கடல்காரர் தேங்காய்நார்க் கயிற்றைக் குறுக்காக நாலு சுற்று சுற்றினார். பிறகு கழிகளுக்கு நடுவே விட்டு இரண்டு சுற்று. ஒரு சிறு கட்டையை உள்ளே செருகி, கழுத்து நரம்பு புடைக்க முறுக்கினார். முறுக்கின கட்டையை விலகாதபடி கழியோடு சேர்த்துக் கட்டினார். ஒரு கை தண்ணீர் அள்ளி அந்த முடிச்சின்மேல் ஊற்றினார். ஊறினால் நார் பருத்து இன்னும் இறுகும். கட்டைவிரலால் முடிச்சை ஒருமுறை அழுத்தினார், அடுத்த மூலைக்கு நகர்ந்தார். ஒவ்வொரு மூலையிலும் அதே நிதானம், அதே அழுத்தம். ஓர் இடத்தில் மட்டும் முகம் சுளித்து, கட்டிய அத்தனையையும் அவிழ்த்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினார்.

இதே குளத்தங்கரையில் 1896 செப்டம்பர் 1 அன்று ஒரு பதினாறு வயதுப் பையன் தின்பண்டப் பொட்டலத்தைத் தண்ணீரில் எறிந்தான். தலையை மழித்துக்கொண்டு, வேட்டியைக் கிழித்துக் கோவணமாக்கிக்கொண்டு கோயிலுக்கு நடந்தான். ரமண மகரிஷியின் திருவண்ணாமலை வாழ்வு அங்கே தொடங்கியது. அவன் உதறிய கரையில், இவர்கள் இருவரும் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

உச்சி வெயில் வந்தது. நடுவில் மண்டபச் சட்டம் எழுந்தது. துணி கட்டும் பையன்கள் பின்பக்கத்தை மறைத்து இழுத்துக் கட்டப் போனார்கள். கடல்காரர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"இவ்ளோ இழுத்துக் கட்டாதீங்கப்பா. பாய் விரிச்ச கணக்கா ஆயிடும். வாடை புடிச்சா தெப்பலையே திருப்பிடும்."

மார்கழியை ஒட்டிய நாட்களில் காற்று வடகிழக்கிலிருந்து வருகிறது. தெப்பலுக்குப் பாய் கிடையாது. ஆனால் நாலு பக்கமும் துணி சுற்றிய மண்டபம் பாய் செய்கிற வேலையைச் செய்துவிடும். துணியின் நடுவில் காற்று புக இடம் விட்டுக் கட்டினார்கள்.

தச்சர் கேட்டார்: "எடுத்ததும் எந்தப் பக்கம் இழுக்கச் சொல்ட்டும்?"

"தெக்கால திருப்பு. போறப்ப வாடையே தள்ளிவுட்ரும். வடக்கால வரப்பதான் கயித்துல ஆளு நிறைய வேணும்."

காற்றுக் கணக்கும் சாமிக் கணக்கும் இங்கே ஒன்றாகிவிடுகின்றன. வலம் என்றாலே கிழக்கிலிருந்து தெற்கே போவதுதான். கோயில் வாசலிலிருந்து 14 கிலோமீட்டர் கிரிவலம் கிளம்புகிறவர்களும் அக்னி லிங்கம், எம லிங்கம் என்று முதலில் தெற்கேதான் நடக்கிறார்கள்.

மலையுச்சிக்கு நெய்யும் திரியும் சுமந்து போய்த் தீபம் ஏற்றும் பர்வதராஜகுலத்தார் ஏரியிலும் ஆற்றிலும் மீன்பிடித்த மரபினர். நீரை அறிந்த கைகளிடம்தான் இந்த ஊர் தன் நெருப்பை ஒப்படைத்திருக்கிறது. அந்தக் கைகளை இந்த ஊர் இன்னும் கொஞ்சம் கொண்டாடலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

மூன்று மணிக்குக் கடைசிச் சோதனை. பையன்களை மூலைக்கு மூலை நிறுத்தினார்கள். தச்சர் கரையில் குந்தி, பலகையின் விளிம்பையும் தண்ணீர் மட்டத்தையும் ஒரே பார்வையில் ஒப்பிட்டார். சுவாமி பீடம், குருக்கள், நாதஸ்வரம், தவில் எல்லாம் ஏறப்போகிற பலகை அது. "கொஞ்சம் எடது பக்கம்" என்றார். ஒரு பையன் இரண்டடி நகர்ந்தான். விளிம்பு நேராயிற்று. கடல்காரர் படியேறி ஈர வேட்டியைப் பிழிந்தார். தச்சர் பீடிக்கட்டை நீட்டினார். இருவரும் ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை.

முதல் இரவு சந்திரசேகரர், மறுநாள் பராசக்தி அம்மன், மூன்றாம் இரவு சுப்பிரமணியர் என்று மூன்று இரவும் தெப்பல் உண்டு. கார்த்திகைக்குத் திருவண்ணாமலை வருகிறவர்கள் தீபம் பார்த்த கையோடு பஸ் ஏறிவிடாதீர்கள். ஒருநாள் கூடுதலாகத் தங்குங்கள். வெளிச்சம் இருக்கும்போதே அய்யங்குளத்துக்கு வாருங்கள். பூவும் துணியும் மூடுவதற்குள் அந்தக் கயிற்றுக் கட்டுகளை ஒருமுறை பார்த்துவிட்டு, அப்புறம் சுவாமியைப் பாருங்கள்.