சகோதரனை ஆதாயப்படுத்துதல்



நம் திருப்பூரில் சனிக்கிழமை சம்பள நாள். அன்று ஒரு சகோதரர் தம் பனியன் கம்பெனியில் உழைத்தவர்களுக்கு வாரக்கூலியைக் குறைத்துக் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மறுநாள் ஆராதனையில் அவர் உங்கள் அருகில் நின்று பாடுகிறார். அவர் செய்தது உங்களுக்குத் தெரியும். நீங்கள் என்ன செய்வீர்கள்?

நம்மில் பலர் இரண்டு வழிகளையே அறிந்திருக்கிறோம். ஒன்று, நமக்கேன் வம்பு என்று மௌனமாயிருப்பது. மற்றொன்று, அவரைத் தவிர மற்ற எல்லாரிடமும் சொல்லித் தீர்ப்பது. முன்னதற்குப் பொறுமை என்றும் பின்னதற்கு ஜெபக்குறிப்பு என்றும் பெயர் வைத்துக்கொள்கிறோம்.

ஆண்டவரோ மத்தேயு 18-ஆம் அதிகாரத்தில் மூன்றாவது வழியைக் காட்டுகிறார். அவனிடமே போக வேண்டும். முதலில் தனியே பேச வேண்டும். வாதத்தில் வெல்வதற்காக அன்று, சகோதரனை ஆதாயப்படுத்திக்கொள்வதற்காக. லேவியராகமம் 19-ஆம் அதிகாரத்தைக் கவனியுங்கள். பிறனைக் கடிந்துகொள்ளும்படி 17-ஆம் வசனம் கட்டளையிடுகிறது. பிறனில் அன்புகூரும்படி 18-ஆம் வசனம் கட்டளையிடுகிறது. இரண்டும் அடுத்தடுத்து நிற்பது தற்செயலன்று.

உங்களில் அநேகர் செக்கிங் மேசையில் நின்று வேலை செய்கிறீர்கள். பீஸில் ஓட்டையோ கறையோ கண்டால், அந்த இடத்தில் மட்டும் சிறு அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டிச் சரிசெய்ய அனுப்புகிறீர்கள். துணி முழுவதையும் பழிப்பதில்லை. கண்டும் காணாததுபோல் பெட்டியில் அடைப்பதுமில்லை. குறை இன்ன இடத்தில் என்று காட்டுவது, அந்தத் துணி வீணாகக் கூடாது என்பதற்காகத்தானே?

நம் தமிழ் மண்ணின் மகன் ஒருவர் இவ்வாறே பேசினார். 1874-இல் வெள்ளாளன்விளையில் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா, 1910-இல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனெரி மாநாட்டுக்குச் சென்றார். அங்கே கூடியிருந்தோரில் ஆசியர் மிகச் சிலரே. மேலைநாட்டு மிஷனெரிகள் இந்திய ஊழியரோடு மனந்திறந்து பழகாமல் விலகியே நிற்கிறார்கள் என்பதை அவர்கள் முகத்துக்கு முன்பாகவே அவர் எடுத்துரைத்தார். அவர்களுடைய தியாகத்தை மறுக்கவில்லை, நன்றியோடு நினைவுகூர்ந்தார். முடிவில் அவர் கேட்டது பணமோ பதவியோ அன்று. தங்களுக்கு நண்பர்கள் வேண்டும் என்றே கேட்டார். கேட்டவர்களில் சிலர் மனம் புண்பட்டார்கள். ஆயினும் அவர் ஐக்கியத்தை விட்டு விலகவில்லை. 1912-இல் அதே சபை அவரை ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயராக அபிஷேகம் செய்தது.

அவரிடம் மூன்று காரியங்களைக் கற்றுக்கொள்வோம். குற்றத்தைத் தெளிவாகச் சொல்லுங்கள். அந்தச் சகோதரரிடமுள்ள நன்மையை மறவாதிருங்கள். பேசி முடித்தபின் அவரை விட்டு ஓடிப்போகாதிருங்கள்.

ஒன்றை மறந்துவிடாதீர்கள். தனியே பேசுவது குற்றத்தை மூடி மறைப்பதற்கான வழியன்று. அவர் செவிகொடாவிட்டால் இரண்டொருவரைக் கூட்டிக்கொண்டு போகவும், அதன்பின் சபைக்குத் தெரியப்படுத்தவும் ஆண்டவரே சொல்லியிருக்கிறார். அந்த முதலாளியிடம் கூலி வாங்கும் ஒரு சகோதரி தன்னந்தனியே அவர்முன் போய் நிற்க வேண்டியதில்லை. அவளுக்காகப் போக வேண்டியவர்கள் நாம். பிடிக்கப்பட்ட கூலி கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு 5-ஆம் அதிகாரம் எச்சரிக்கிறது. அந்தக் குரல் சேனைகளின் கர்த்தருடைய செவிகளில் ஏற்கெனவே விழுந்துவிட்டது.

ஆகவே பிரியமானவர்களே, இந்த வாரம் உங்கள் மனதில் ஒரு முகம் தோன்றுமானால், முதலில் அவருக்காக முழங்காற்படியிடுங்கள். கண்ணீரோடு ஜெபிக்க முடியாதவரைக் கடிந்துகொள்ளவும் துணியாதிருங்கள். ஜெபித்தபின் தாமதியாமல் எழுந்து அவர் வீட்டுக்குப் போங்கள். அடுத்த சனிக்கிழமைக்கு முன்பே போங்கள்.

கர்த்தர் உங்கள் நாவில் சத்தியத்தையும் இருதயத்தில் சாந்தத்தையும் அருளுவாராக. ஆமென்.