தீவுப்பகுதியில் வீமனும் நாமும்

யாழ்ப்பாணப் பட்டினத்தை விட்டுப் பண்ணைத் தாம்போதி வழியே மேற்கு நோக்கிச் செல்வோர், அங்குள்ள காட்சியை எளிதில் மறவார். இரு மருங்கும் ஆழமில்லாத கடல். அதிலே மீன்பிடிக்க நாட்டிய கம்புகள். ஒவ்வொரு கம்பின் உச்சியிலும் ஒரு கடற்பறவை. அல்லைப்பிட்டியைத் தாண்டி வேலணைக்குள் பஸ் நுழைந்ததும் பனந்தோப்புகளும் வேலிகளும் வருகின்றன. வேலிகளுக்குப் பின்னால் வீடுகளும் வருகின்றன. ஆனால், பல வீடுகளுக்குக் கூரையில்லை. சிலவற்றின் நடுவிலே மரங்கள் முளைத்து நிற்கின்றன. 1990 ஆம் ஆண்டில் தொடங்கிய இடப்பெயர்வின் அடையாளங்கள் இவை. அன்று போனவர்களிற் பலர் கொழும்பிலும் கனடாவிலும் இலண்டனிலும் வேரூன்றிவிட்டனர்.

நாமும் அவ்வாறு வெளியேறியவர்களே. புறப்பட்ட நாளில் எமது வீட்டு நாய் நெடுந்தூரம் எமக்குப் பின்னால் ஓடிவந்தது. பிறகு அது எங்கே நின்றது என்பது எமக்குத் தெரியாது. மனிதருக்கே வழி தெரியாத நாளில் நாயைப் பற்றி யார் விசாரிப்பார்?

உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றபின், ஆறு மாதங்களாவது சொந்த ஊரில் வாழ்ந்து பார்ப்போம் என்று திரும்பி வந்தோம். திருத்திய வீட்டின் படலையிலே எமக்கு முன்பே ஒருவர் குடியிருந்தார். செம்மண் நிறம், ஒரு காது நிமிர்ந்தும் மறுகாது மடிந்தும் இருக்கும், வயது இரண்டுக்கு மேலிராது. அயல்வீட்டு மாணவன் ஒருவன், “ஐயா, இது ஒருத்தற்றையும் நாயில்லை. வீமன் எண்டு நாங்கள் கூப்பிடுவம்” என்றான். விலா எலும்புகளை எண்ணக்கூடிய அந்த உருவத்துக்கு வீமன் என்ற பெயர் சற்று அதிகந்தான். முதல் வேலையாக விசர்நாய்த் தடுப்பூசி போடுவித்தோம். இரண்டாம் வேலை, நாய் விளையாட்டுகள்.

வாசகர்கள் நகைக்கலாம். நாய் விளையாட்டென்றால் தெருவிலே பந்தை எறிவதல்ல. மேனாடுகளிலே இது ஒரு பெரிய துறை. 1873 ஆம் ஆண்டில் வேல்ஸ் நாட்டின் பாலா என்னும் ஊரில், மந்தையை மறித்துச் செலுத்தும் நாய்களுக்குப் போட்டி வைத்தார்கள். 1978 ஆம் ஆண்டில் இலண்டனில் நடைபெற்ற கிறவ்ட்ஸ் நாய்க் கண்காட்சியில், குதிரைகளின் தடைதாண்டும் போட்டியைப் பின்பற்றி, நாய்களைத் தடை தாண்டச் செய்து காட்டினார்கள். அது இன்று உலகெங்கும் பரவிவிட்டது. மோப்பம் பிடித்தல், கட்டளைக்குப் பணிதல், நீரிலே பாய்ந்து பொருளை எடுத்துவருதல் என இன்னும் பலவகை உண்டு. தமிழ்நாட்டிலும் சிப்பிப்பாறை, கன்னி முதலிய நாய்களை முயல் வேட்டைக்கென்றே வளர்த்தனர். 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இந்தியாவில் அவ்வேட்டையைத் தடுத்துவிட்டது. உயிர்க்கொலையில்லாத விளையாட்டு நாய்க்கும் நல்லது, மனிதனுக்கும் நல்லது என்பது எமது அபிப்பிராயம்.

மாணவனும் நாமும் கூடி, வளவிலே பனைமட்டைகளை நாட்டி, குறுக்கே ஒரு மூங்கிற் கழியை வைத்தோம். கழி சற்றுத் தட்டுப்பட்டாலும் விழுந்துவிடவேண்டும். இல்லையேல் நாயின் கால் முறியும். உயரம் நாயின் முழங்கை மட்டத்துக்கு மேற்படலாகாது. வளர்ச்சி முற்றாத குட்டிகளைப் பாயவிடவே கூடாது. இவையெல்லாம் நாம் நூல்களிற் படித்தவை. வீமன் நூல்களைப் படிக்கவில்லை. முதல் நாள் அவன் கழியின் கீழே நுழைந்தான். இரண்டாம் நாள் அதைச் சுற்றிக்கொண்டு வந்தான். மூன்றாம் நாள் கழியையே தூக்கிக்கொண்டு ஓடினான். எமக்குப் பொறுமை போயிற்று, குரலை உயர்த்தினோம். அன்று மாலை வரை அவன் எம்மருகே வரவில்லை.

மறுநாட் காலை, ஒழுங்கை வழியே சென்ற முதியவர் ஒருவர் வேலியோரத்தில் நின்று இந்தக் கூத்தைப் பார்த்தார். இளமையிலே மாட்டு வண்டிச் சவாரியிற் பேர்பெற்றவர் அவர். யாழ்ப்பாணத்தில் அச்சவாரியின் புகழை அறியாதார் இல்லை; தார்க்குச்சியால் மாட்டைக் குத்தும் கொடுமையை வெறுப்போரும் உளர்.

“அப்பு, மாட்டை நீங்கள் எப்பிடிப் பழக்கினனீங்கள்?” என்று கேட்டோம்.

“தம்பி, அடிச்சுப் பழக்கின மாடு அடிக்குத்தான் ஓடும். ஆளுக்கு ஓடாது. நான் விடிய நாலு மணிக்கு எழும்பி, நான் தேத்தண்ணி குடிக்கமுந்தி அதுக்குத் தவிடு வைப்பன். ஒரு நாள் தவறினாலும் அதுக்குத் தெரியும்” என்றார் அவர்.

அன்றே எமது முறையை மாற்றினோம். காலையில் பத்து நிமிஷம், மாலையில் பத்து நிமிஷம், அதற்குமேல் இல்லை. சரியாகச் செய்த அக்கணமே ஒரு துண்டுக் கருவாடு. இந்த ‘அக்கணம்’ என்பது மிக முக்கியம். நாலைந்து வினாடி தாமதித்துக் கொடுத்தால், எதற்காகப் பரிசு பெற்றோம் என்பது நாய்க்கு விளங்காது. கழியை நிலத்திலே கிடத்தி, அதைக் கடந்ததற்கே பரிசு கொடுத்தோம். வாரத்துக்கு நாலு விரலளவு உயர்த்தினோம். மூன்றாம் மாதம், ஐந்து தடைகளை ஒரே ஓட்டத்தில் வீமன் தாண்டினான். கைதட்டியவர்கள் மாணவனின் தங்கையும், வேலிக்கு அப்பால் நின்ற ஒரு பசுவுமே. பசு தலையைத்தான் ஆட்டிற்று.

அடுத்த விளையாட்டு மோப்பம். இதற்குச் சாட்டிக் கடற்கரையைத் தெரிந்தெடுத்தோம். விடியற்காலையில் மணல் ஈரமாயிருக்கும். ஈரத்தில் வாசனை தங்கும். வெயிலேறிக் காற்றெழுந்தால் அது சிதறிவிடும். மாணவன் முன்னே நடப்பான். ஒவ்வோர் அடிச்சுவட்டிலும் ஒரு நெத்தலித் துண்டை வைப்பான். இறுதியில் ஒரு பழந்துணியை வைத்துவிட்டுத் திரும்புவான். பின்னர் நெத்தலிகளைக் குறைத்தோம். முதலிற் சுவட்டின் நீளம் இருபது அடிகள். இரண்டு மாதங்களின் பின் இரண்டு திருப்பங்களோடு முந்நூறு அடிகள். மூக்கை மணலோடு ஒட்டி, வாலை உயர்த்தி அவன் செல்லும்போது, நாம் வெறுமனே கயிற்றைப் பிடித்துக்கொண்டு பின்னே போகவேண்டியதுதான். நாம் தவறென்று நினைத்த திருப்பத்தில் அவனே சரியாக இருந்தான். ஒருமுறை கயிற்றை இழுத்து, எமது பிழையான வழிக்கு அவனைத் திருப்பியும் விட்டோம். நாயை நம்பக் கற்பதும் பயிற்சியின் பாதி என்பது அன்று புரிந்தது. போருக்குப்பின் எமது வடபகுதி மண்ணிலே கண்ணிவெடி தேடிய நாய்களும், அவற்றின் கயிற்றைப் பிடித்துச் சென்றவர்களும் நினைவுக்கு வந்தனர். எமக்கு விளையாட்டாகிய இது, அவர்களுக்கு உயிராக இருந்தது.

நீர் விளையாட்டுக்காக ஊர்காவற்றுறைக்குச் சென்றோம். துறைமுகத்தில் நின்று பார்த்தால் கடல் நடுவே சிறியதொரு கோட்டை தெரியும். போர்த்துக்கேயர் கட்டியது, பின்வந்த ஒல்லாந்தர், இலங்கையின் வடிவத்தைப் பன்றித் தொடைக்கு ஒப்பிட்டு, இக்கோட்டைக்கு அத்தொடையின் குதி எனப் பொருள்படும் ஹமென்ஹீல் என்னும் பெயரை இட்டனர். அக்கோட்டையை நோக்கி ஒரு தடியை எறிந்து, “எடு!” என்றோம். வீமன் தடியைப் பார்த்தான், கடலைப் பார்த்தான், பின்னர் எம்மைப் பார்த்தான். ஆழமில்லாத கரையிலிருந்து தொடங்கியும் பார்த்தோம். முழங்காலளவு நீருக்குமேல் அவன் ஓரடி வைக்கவில்லை. மூன்று வாரங்களின் பின் அம்முயற்சியைக் கைவிட்டோம். கணிதத்திற் சிறந்த பிள்ளை சங்கீதத்திலும் சிறக்கவேண்டுமென்று வற்புறுத்தும் பெற்றோரை நாம் எத்தனைமுறை குறைகூறியிருப்போம்!

கட்டளைக்குப் பணிதலே யாவற்றினும் கடினமானது. “இரு” என்றால் இருக்கவேண்டும். “வா” என்னும்வரை அசையலாகாது. இதில் ஒரு விதியை மாணவன் தானாகவே வகுத்தான்: இரு என்று சொன்னவர் வா என்றும் சொல்லியே தீரவேண்டும், மறந்துபோய் வேறு வேலைக்குச் சென்றுவிடக்கூடாது. அப்படிச் சென்றால் அடுத்தமுறை நாய் ஏன் நம்பவேண்டும்? வளவிலே பழகியதை ஒழுங்கையிலும், ஒழுங்கையிற் பழகியதைச் சந்தையருகிலும் செய்வித்தோம். இறுதிப் பரீட்சையைக் குறிகட்டுவான் துறையில் வைத்தோம். நயினாதீவு நாகபூஷணி அம்மனைத் தரிசிக்கச் செல்லும் அடியார்களும், நாகவிகாரைக்குச் செல்லும் சிங்கள யாத்திரிகர்களும் கூடும் இடம் அது. படகின் இரைச்சல், கச்சான் விற்பவர் குரல், வடைக்கடையின் வாசனை. கூட்டம் நெருக்காத ஓரத்தில் வீமனை இருத்தி, நாற்பது அடி தள்ளி நின்றோம். அரை நிமிஷத்தில் வடை வென்றது. அடுத்த வாரமும் வடையே வென்றது. ஐந்தாம் வாரத்திலேதான், வாயில் நீர் ஒழுக, இரண்டு நிமிஷம் அசையாதிருந்தான். “சாது, சாது” என்று மூதாட்டி ஒருவர் கூறிச் சென்றார்.

இந்த வெற்றியின் மயக்கத்தில், தெரிந்த மீனவர் ஒருவரின் படகில் வீமனையும் ஏற்றிக்கொண்டு நெடுந்தீவுக்குப் போனோம். குறிகட்டுவானிலிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரப் பிரயாணம். சாந்து சேர்க்காது முருகைக்கற்களை அடுக்கிய வேலிகள், பெருத்த அடிமரத்தோடு நிற்கும் பெருக்கமரம், ஒல்லாந்தர் கால இடிபாடுகள், செய்தி காவும் புறாக்களை வளர்த்ததாகச் சொல்லப்படும் புறாக்கூடு ஆகியவற்றைக் கண்டோம். அங்கே, மந்தை மறிக்கும் விளையாட்டையும் பார்ப்போமென்று, உரியவரின் சம்மதத்தோடு நாலைந்து ஆடுகளை நோக்கி வீமனை நடத்தினோம். அவன் ஒருமுறை பாய்ந்தான். ஆடுகள் நாலு திசையிலும் பறந்தன. நாம் ஐந்தாம் திசையில் வீமனைத் துரத்தினோம். ஆடுகளைத் திரட்ட ஒன்றரை மணி நேரமாயிற்று. வேல்ஸ் நாட்டு நாய்கள் பல தலைமுறைகளாகத் தெரிந்தெடுத்து வளர்க்கப்பட்டவை என்பதை நாம் மறந்தது எமது குற்றமே.

களைத்துப்போய் ஒரு கல்வேலியின் நிழலில் இருந்தபோது, வெளியிலே குதிரைகளைக் கண்டோம். உருவிற் சிறியவை, உரோமம் மங்கியவை. போர்த்துக்கேயர் காலத்தில் வந்தனவென்றும், ஒல்லாந்தர் அவற்றைப் பெருக்கிப் பழக்கினரென்றும் கூறுவர். குதிரை லாயங்களின் எச்சங்களை இன்றும் அங்கே காணலாம். ஒரு காலத்தில் இவற்றின் முன்னோருக்கு உரிய நேரத்தில் கொள்ளும் நீரும் வைத்தார்கள்; கடிவாளம் போட்டார்கள்; குரல் கேட்டால் நிற்கவும் நடக்கவும் பழக்கினார்கள். பின்னர் பழக்கியவர்கள் கப்பலேறிப் போய்விட்டார்கள். குதிரைகள் இங்கேயே நின்றுவிட்டன. கோடையிலே குட்டைகள் வற்றும்போது நீரின்றி இவை மடிந்த ஆண்டுகளும் உண்டு. நாம் நெருங்கியதும் தலையை நிமிர்த்திப் பார்த்துவிட்டு, விலகிச் சென்றன.

அன்று திரும்பும் படகில் யாரும் அதிகம் பேசவில்லை. எமது ஆறு மாதத்தில் மூன்று வாரமே எஞ்சியிருந்தது. இடையிலே ஒரு வைத்திய தேவைக்காகப் பத்து நாள் கொழும்பிலே தங்கியபோது, பழகியதெல்லாம் மறந்திருக்குமென்று அஞ்சியே வந்தோம். வீமன் ஒன்றையும் மறக்கவில்லை. மழையிலும், பள்ளிக்கூடப் பரீட்சை நாளிலும், காலை பத்து நிமிஷத்தையும் மாலை பத்து நிமிஷத்தையும் மாணவன் தவறவிடவில்லை. கட்டளையை நாம் சொன்னாலும், வீமனின் கண் முதலில் அவனையே தேடுவதை அன்றுதான் கவனித்தோம். எமக்குச் சற்றுப் பொறாமை உண்டானதையும் ஒளிக்காமற் சொல்லவேண்டும்.

படகிலே அவனிடம், “தம்பி, வீமனை இனி நீர் வைத்திருக்கிறீரா?” என்று கேட்டோம்.

“அவன் இப்பவும் என்னோடைதானே ஐயா இருக்கிறான்” என்றான், கேள்வியே விளங்காதவன் போல. அவனுடைய தாயாரிடமும் சம்மதம் பெற்றோம். தடுப்பூசி அட்டையைக் கொடுத்தோம். ஆண்டுதோறும் ஊசிக்கும் தீனிக்கும் வேண்டிய செலவு எம்முடையது என்று ஒழுங்கு செய்தோம்.

புறப்பட்ட நாளன்று பஸ் தரிப்பிடம்வரை இருவரும் வந்தார்கள். பஸ் வந்ததும் மாணவன் குனிந்து, “இரு” என்றான். வீமன் இருந்தான். பஸ் நகர்ந்தது. நாம் பின்கண்ணாடி வழியே பார்த்தோம். நிமிர்ந்த காதும் மடிந்த காதுமாக, வீதியோரத்தில் அசையாமல் இருந்தான், ஓடிவரவில்லை. திருப்பத்திலே பனைகள் மறைத்துவிட்டன.

கொழும்பை அடையுமுன்பே கைத்தொலைபேசியில் மாணவனின் செய்தி வந்தது: “ஐயா, பஸ் திரும்பினவுடனை ‘வா’ எண்டு சொல்லிப்போட்டன். பின்னேரம் அஞ்சு தடையும் பாய்ஞ்சவன்.”

அடுத்த தை மாதம் மீண்டும் செல்ல எண்ணியிருக்கிறோம். கழியை இன்னும் இரண்டு விரல் உயர்த்தலாமா என்று அதற்குள் அவன் கேட்டிருக்கிறான்.