‘பார்க்கலாம்’

எங்கள் கல்லூரியை அடுத்துள்ள ஆலயக் கூடத்தில் சனிக்கிழமைதோறும் மாலையில் ஓர் ஆங்கில வகுப்பு நடைபெறுகின்றது. 13 முதல் 16 வயது வரையுள்ள மாணவ மாணவியர் 12 பேர் அதிற் பயில்கின்றனர். அதனை நடத்திவந்த நண்பர் சென்ற ஆண்டு பட்டம் பெற்று வெளியேறியபோது, அப்பொறுப்பு என்பால் வந்து சேர்ந்தது. ‘தமிழ் ஆனர்ஸ் பயில்வோனுக்கு ஆங்கில வகுப்பில் என்ன வேலை?’ என்று விடுதித் தோழர் நகைத்தனர். எனக்கும் அவ்வையம் இல்லாமலில்லை.

நாளும் வேளையும் குறித்து ஒருவரையொருவர் சந்திக்க ஏற்பாடு செய்து கொள்ளும் முறையே யான் எடுத்துக்கொண்ட பாடங்களுள் ஒன்று. முதற்கண் இடர் விளைத்தவை ‘அட்’, ‘ஆன்’, ‘இன்’ என்னும் மூன்று சிறு சொற்கள். எதனை எங்கே வைப்பது என்று மாணவர் மயங்கினர். அப்பொழுது எனக்குக் கைகொடுத்தது தமிழே. ‘மே மாதத்தில், சனிக்கிழமையன்று, ஐந்து மணிக்கு’ என்று கரும்பலகையில் எழுதினேன். மணிக்கு நாம் ‘கு’ உருபு சேர்க்கின்றோம். அவர் ‘அட்’ என்பர். கிழமைக்கு நாம் ‘அன்று’ என்போம். அவர் ‘ஆன்’ என்பர். திங்களுக்கும் ஆண்டுக்கும் நாம் ‘இல்’ என்போம். அவர் ‘இன்’ என்பர். எல்லாவிடத்தும் இவ்வொப்புமை செல்லாது. நாம் ‘இரவில்’ என்பதை அவர் ‘அட்’ சேர்த்தே கூறுவர். எனினும், வேற்றுமொழியும் நம்மைப்போலவே காலத்தைப் பாகுபடுத்திக் காண்கின்றது என்று அறிந்தவுடன் பிள்ளைகளின் அச்சம் பாதி நீங்கிற்று.

அடுத்தது எதிர்காலம். அப்பொழுதே துணிந்து சொல்வதற்கு ‘ஐ வில்’. முன்னரே எண்ணி வைத்ததற்கு ‘ஐ ஆம் கோயிங் டு’. மற்றொருவரோடு பேசி உறுதி செய்துகொண்டதற்கு ‘ஐ ஆம் மீட்டிங் ஹிம்’ என நிகழ்கால வடிவம். ‘நாளை நடப்பதற்கு நிகழ்காலமா?’ என்று ஒரு சிறுமி வியந்தாள். ‘நாளை வருகிறேன் என்று நீ சொல்வதில்லையா?’ என்றேன். இன்னும் புறப்படாத ஒருவன் ‘இதோ வந்துவிட்டேன்’ என்று இறந்தகாலத்தாற் கூறுவதையும் காட்டினேன். விரைவு, தெளிவு முதலியன பற்றிக் காலம் மயங்கலாம் என்று பவணந்தியார் நன்னூலில் இடந்தந்திருப்பதைச் சொன்னபோது, இலக்கணமும் சிரிப்புக்குரியது என்பதை அவர்கள் அன்று கண்டனர்.

பின்னர், ஒரு கிழமைக்குரிய அட்டவணையை ஒவ்வொருவருக்கும் வெவ்வேறாக எழுதிக் கொடுத்தேன். ஒருவர் அட்டவணையை மற்றவர் பாராமல், ஆங்கிலத்தில் வினவியும் விடையிறுத்தும், இருவருக்கும் ஒழிந்த வேளை ஒன்றைக் கண்டுபிடித்தல் வேண்டும். கூடம் முழுதும் ஒரே ஆரவாரம். ஆயினும் ஒரு குறை கண்டேன். ஒழிவில்லாதவரும் ‘நோ’ என்று கூறத் தயங்கி, ‘ஓகே, ஓகே’ என்று தலையசைத்தனர். முகத்துக்கு நேரே மறுப்பது மரியாதைக் குறைவு என்பது அவர்கள் கருத்து. ஆதலின், வருந்துவதாகக் கூறுதல், காரணம் கூறுதல், வேறொரு வேளை கூறுதல் என்று மறுப்பதற்கு மூன்று படிகளைக் கற்பித்தேன். ‘நாம் “பார்க்கலாம்” என்று சொல்லி மழுப்புகிறோம், கேட்டவர் காத்திருப்பார். இனி அவ்வாறு சொல்லாதீர்கள்’ என்று சற்றுப் பெருமிதத்தோடு முடித்தேன்.

வகுப்புக் கலைந்தபின் ஒரு மாணவன் தயங்கி நின்றான். வெள்ளிக்கிழமை நான்கு மணிக்குத் தன் பள்ளியில் ஆங்கிலப் பேச்சுப் போட்டி என்றும், எனக்கு ஒழிவுண்டா என்றும், அன்று கற்ற வாக்கியத்தாலேயே பிழையின்றி வினவினான். மறுநாள் எனக்குத் தேர்வு. போக இயலாது என்பது அப்பொழுதே தெரியும். ஆயினும் அவன் முகத்தைப் பார்த்து, ‘பார்க்கலாம், தம்பி’ என்றேன். நான் போகவில்லை.

அடுத்த வகுப்பில் அவன் குறை கூறவில்லை. நானே கேட்டபோது மெல்லச் சொன்னான்: ‘வாசலைப் பார்த்துக்கொண்டே பேசினேன், அண்ணா, நடுவில் இரண்டு வரி மறந்துவிட்டது. வீட்டில் “பார்க்கலாம்” என்றால் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால், அப்படிச் சொல்லக்கூடாது என்று நீங்கள்தானே அன்றைக்குச் சொன்னீர்கள்? அதனால் வருவீர்கள் என்று நினைத்தேன்.’

எனக்கு மறுமொழி தோன்றவில்லை. கற்பித்தவன் மறந்த பாடத்தைக் கற்றவன் நம்பியிருந்தான். அன்று வகுப்பின்முன் நின்று அம்மூன்று படிகளையும் நானே ஏறினேன்: வருந்தினேன், காரணம் கூறினேன், புதன்கிழமை ஐந்தரை மணிக்கு ஆலயத்து வேம்பின்கீழ் அவன் பேச்சைக் கேட்பதாக நாள் குறித்தேன். அவன் அதனைத் தன் ஏட்டிற் குறித்துக்கொண்டான்.

புதனன்று கால்மணி நேரம் முன்னரே சென்றேன். அவன் எனக்கும் முன்னரே வந்து, வாயிலை நோக்கியவாறு நின்றிருந்தான். மறந்த இரண்டு வரிகளும் அன்று தடையின்றி வந்தன.

தோழர்காள், ‘வந்துவிடுகிறேன்’, ‘பார்க்கலாம்’ என்னும் சொற்களை விடுதியில் நாம் நாளும் எளிதாக வழங்குகின்றோம். அவற்றின் காலத்தை நன்னூல் அமைத்துக்கொள்ளும். அவற்றை நம்பி வாயிலைப் பார்த்து நிற்போர்க்கு நாமே விடையளித்தல் வேண்டும்.