சகாய விலையில் சட்டம்

வெளி மாநிலத்தில் வாழும் நம்மவர்களிடையே சொந்தத் தொழில் தொடங்க வேண்டும் என்னும் ஆவல் அண்மைக் காலத்தில் பெருகி வருகிறது. கல்யாணிலும் டோம்பிவிலியிலும் உள்ள நம் சங்கக் குடும்பங்களை எண்ணிப் பார்த்தாலே போதும். ஒரு வீட்டில் பொடி வகைகள், மற்றொரு வீட்டில் தையல், இன்னொரு வீட்டில் கணினி படித்த பிள்ளைகள் இருவர் சேர்ந்து ஏதோ ஒரு செயலி. தொழில் எதுவாயினும் முதலில் குறுக்கே நிற்பது பதிவு, ஒப்பந்தம், உரிமம் என்னும் காகித வேலைதான். ஊரில் என்றால் அப்பாவுக்குத் தெரிந்த வக்கீல் ஒருவர் இருப்பார். பதிவு அலுவலகத்து வாசலில் பத்திரம் எழுதுபவர் இருப்பார். இங்கே மொழியும் வேறு, மனிதரும் புதியவர். ஆதலால் கைப்பேசியில் தேடுகிறோம். தேடிய மாத்திரத்தில் '999 ரூபாயில் கம்பெனி', 'சில நாட்களில் பதிவு' என்று விளம்பரங்கள் வரிசையாக வந்து நிற்கின்றன. அவற்றுள் எதை நம்புவது, எதற்கு எவ்வளவு கொடுப்பது என்பதைப் பற்றி எங்கள் வீட்டு அனுபவத்தைக் கொண்டு சில சொல்ல விரும்புகிறேன். நான் சட்டம் படித்தவன் அல்லன். பள்ளி இறுதி வகுப்போடு நின்றவன். ஆனால் பார்சல் அலுவலகத்தில் கட்டண விதிகளைப் புரட்டிப் புரட்டி, சிறு எழுத்தில் அச்சிட்டதை விடாமல் வாசிக்கும் பழக்கம் மட்டும் வந்திருக்கிறது.

சென்ற ஆண்டு என் மனைவியும், எங்கள் மேல்மாடியில் குடியிருக்கும் அம்மையார் ஒருவரும் கூட்டாகப் பொடி, ஊறுகாய் வியாபாரம் தொடங்கத் தீர்மானித்தார்கள். அம்மையார் திருநெல்வேலிப் பக்கத்தவர். கணவர் காலமானபின் வந்த இன்ஷூரன்ஸ் பணத்தில் மிஞ்சியிருந்தது 1,50,000 ரூபாய். அதை முதலாகப் போட முன்வந்தார். என் மனைவி போடக் கூடியது 50,000 ரூபாயும் தன் கை உழைப்புமே. அம்மையாருக்குக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் மகன் ஒருவன் உண்டு. அந்தப் பணத்தைத் தவிர அவர்களுக்கு வேறு சேமிப்பு இல்லை என்பது எங்களுக்குத் தெரியும். இதனால்தான் இந்தக் காகித வேலையை நான் விளையாட்டாகக் கருத முடியவில்லை.

இடையில் ஒன்று. ரெயில்வேயிலோ வேறு அரசாங்க உத்தியோகத்திலோ இருப்பவர்கள் தங்கள் சொந்தப் பெயரில் வாணிபம் செய்யுமுன் நடத்தை விதிகளைப் பார்க்க வேண்டும். 1966-ஆம் ஆண்டின் ரெயில்வே ஊழியர் நடத்தை விதிகளில் 15-ஆவது விதி, முன் அனுமதியின்றி ஊழியர் வியாபாரம் செய்யலாகாது என்கிறது. குடும்பத்தார் செய்தால் அதனைத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. நான் எழுதிக் கொடுத்துவிட்டேன். மனைவியின் வியாபாரத்துக்கு ஊழியர் ஆதரவு திரட்டுவதும் விதிக்கு மாறானது. ஆகையால் அந்தப் பொடியின் பெயரை இக்கட்டுரையில் தேட வேண்டாம்.

முதலில் ஓர் இணைய நிறுவனத்தைப் பார்த்தோம். கூட்டு வியாபார ஒப்பந்தம் 1,999 ரூபாய் என்று கொட்டை எழுத்தில் இருந்தது. விவரங்களைப் பூர்த்தி செய்து கடைசிப் பக்கத்துக்கு வந்தால் மொத்தம் 12,385 ரூபாய்! பட்டியலைப் பிரித்துப் பார்த்தேன். உத்யம் பதிவு 999, ஜி.எஸ்.டி. பதிவு 1,499, ஓராண்டுக் கணக்குத் தாக்கல் 5,999; இவற்றின்மேல் 18 சதவீத வரி. கணக்குத் தாக்கலை நாங்கள் கேட்கவே இல்லை. கட்டத்தில் தானாகவே குறியிட்டிருந்தது. இவ்வாறு கேளாததைக் கூடையில் சேர்ப்பதும், விலையைச் சிறிது சிறிதாகக் காட்டுவதும் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வழிகாட்டு நெறிகள் வெளியிட்டிருக்கிறது. முறையிட விரும்புவோர் 1915 என்னும் எண்ணுக்குப் பேசலாம்.

ரெயில் டிக்கெட்டில் அடிப்படைக் கட்டணம் வேறு, முன்பதிவுக் கட்டணம் வேறு, அதிவேக வண்டிக்குரிய கூடுதல் கட்டணம் வேறு. அதுபோலவே இங்கும் அரசாங்கக் கட்டணம், முத்திரைத் தீர்வை, அவர்களுடைய கூலி என்று மூன்றையும் தனித்தனியே எழுதித் தரச் சொல்லிக் கேட்க வேண்டும். முத்திரைத் தீர்வை மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். ஆதலால் சென்னையிலுள்ள மைத்துனர் கட்டிய தொகையை இங்கே எதிர்பார்க்க இயலாது. மூன்றையும் பிரித்து எழுதித் தர மறுக்கும் நிறுவனத்தோடு மேற்கொண்டு பேச வேண்டியதில்லை என்பது என் அபிப்பிராயம்.

பிரித்துப் பார்த்தால்தான் இலவசமானவை எவை என்று தெரியும். உத்யம் பதிவு 2020 ஜூலை முதல் நாளில் தொடங்கியது. அரசாங்கத் தளத்தில் அதற்குக் கட்டணம் ஒரு காசும் இல்லை. ஆதார் எண்ணும் பான் எண்ணும் கையில் வைத்துக்கொண்டு ஒரு மாலைப் பொழுதில் செய்து முடிக்கலாம். ஆனால் அரசாங்கத் தளத்தைப் போலவே தோற்றமளித்துப் பணம் கேட்கும் தனியார் தளங்கள் உண்டு, முகவரியில் 'கவ்.இன்' என்று முடிகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். ஜி.எஸ்.டி. பதிவுக்கும் அரசாங்கம் கட்டணம் வாங்குவதில்லை. அன்றியும் அது எல்லோருக்கும் வேண்டுவதில்லை. மகாராஷ்டிரத்துக்குள்ளேயே பண்டம் விற்பவர்க்கு ஆண்டு விற்பனை 40 லட்சத்தைத் தாண்டும் வரை அவசியமில்லை. தொழிற்சேவை செய்பவர்க்கு வரம்பு 20 லட்சம். நம்மவர்கள் மறந்துவிடக் கூடிய ஒன்று உண்டு: மாநில எல்லை தாண்டி விற்றால், பொதுவாகப் பண்டங்களுக்கு இந்த வரம்பு செல்லாது, முதலிலேயே பதிவு வேண்டும். சூரத்தில் இருக்கும் அத்தைக்கு அன்பளிப்பாக அனுப்புவது வேறு, சூரத்துக் கடைக்காரருக்கு விற்பது வேறு.

அந்த நிறுவனத்தார் தொலைபேசியில் அழைத்து, "பிரைவேட் லிமிடெட் கம்பெனியாகவே ஆரம்பித்துவிடுங்கள், கௌரவமாக இருக்கும்" என்றார்கள். கம்பெனி தொடங்குவது இன்று மலிவுதான். அனுமதிக்கப்பட்ட மூலதனம் 15 லட்சம் வரை இருந்தால் பதிவு விண்ணப்பத்துக்கு மத்திய அரசின் கட்டணம் இல்லை. பெயரை முன்கூட்டித் தனியே ஒதுக்கிக்கொள்ள 1,000 ரூபாய், முத்திரைத் தீர்வை, மின்னணுக் கையொப்பம் ஆகியவையே செலவு. ஆனால் பெறுவது எளிது, வளர்ப்பதுதான் கடினம். விற்பனை இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஆண்டுதோறும் தணிக்கை உண்டு. 180 நாட்களுக்குள் தொழில் தொடங்கியதாக அறிவிக்க வேண்டும். ஆண்டுக் கணக்கைத் தாமதமாகத் தாக்கல் செய்தால் ஒவ்வொரு படிவத்துக்கும் நாளொன்றுக்கு 100 ரூபாய் கூடிக்கொண்டே போகும். அதற்கு உச்ச வரம்பு இல்லை. வெளியார் முதலீட்டை நாடும் அந்தக் கணினிப் பிள்ளைகளுக்குக் கம்பெனி பொருந்தும். ஸ்டார்ட்-அப் என்று மத்திய அரசின் அங்கீகாரம் பெறவும் தனி ஆளின் வியாபாரம் போதாது; கம்பெனி, எல்.எல்.பி., பதிவு பெற்ற கூட்டு நிறுவனம் போன்ற ஓர் அமைப்பு வேண்டும். மாதம் நாற்பது கிலோ பொடி விற்கும் இரண்டு பெண்களுக்குக் கம்பெனி எதற்கு?

இந்த நிறுவனங்கள் யார் என்பதையும் அறிந்துகொள்ள வேண்டும். நான் படித்த ஒப்பந்த விதிகளில், 'நாங்கள் வழக்கறிஞர் நிறுவனம் அல்ல, சட்ட ஆலோசனை தருவதில்லை' என்று அடியில் எழுதியிருந்தது. வழக்கறிஞர்கள் விளம்பரம் செய்து வேலை தேடக் கூடாது என்பது இந்திய பார் கவுன்சிலின் 36-ஆவது விதி. வழக்கறிஞர்களை இணையத்தில் பட்டியலிட்டு விலை பேசும் தளங்களைச் சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூலையில் கடுமையாகக் கண்டித்து, நடவடிக்கை எடுக்கும்படி பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டது. படிவம் நிரப்பித் தரும் நிறுவனங்கள் எல்லாம் குற்றவாளிகள் என்று நான் சொல்லவில்லை. படிவம் நிரப்புவது ஒரு வேலை, யோசனை சொல்வது மற்றொரு வேலை. முன்னதற்குக் கொடுக்கும் விலையில் பின்னதும் அடங்கும் என்று எண்ணிவிடலாகாது. நம் காகிதத்தில் கையொப்பமிடப் போகிற ஆடிட்டரோ, கம்பெனிச் செயலரோ, வழக்கறிஞரோ யார், அவருடைய பதிவு எண் என்ன என்று பணம் கட்டுமுன் கேட்டால் பாதி நிறுவனங்களில் பேச்சு நின்றுவிடுகிறது.

சாவி விஷயமும் முக்கியம். பதிவின்போது தங்கள் கைப்பேசி எண்ணையும் மின்னஞ்சலையும் கொடுத்துவிடும் நிறுவனங்கள் உண்டு. பின்னர் அரசாங்க அறிவிப்புகள் அவர்களுக்கே போகும், ஓ.டி.பி.க்காக அவர்களிடம் கெஞ்ச வேண்டிவரும். எங்கள் கட்டிடத்திலேயே ஓர் அன்பர், வந்திருந்த வரி நோட்டீசைப் பல மாதம் கழித்தே அறிந்தார். எண்ணும் மின்னஞ்சலும் நம்முடையவையாக இருக்கட்டும். மின்னணுக் கையொப்பக் கருவி நம் பீரோவில் இருக்கட்டும்.

இணைய நிறுவனத்தால் நன்மையே இல்லை என்று எண்ண வேண்டாம். வணிகச் சின்னப் பதிவை ஒரு நிறுவனத்திடமே ஒப்படைத்தோம். சிறு தொழிலுக்கு இணையவழி அரசாங்கக் கட்டணம் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய், மற்றவர்க்கு 9,000. மொத்தம் 45 வகுப்புகள். பொடி 30-ஆம் வகுப்பைச் சேர்ந்தது, ஊறுகாய் 29-ஆம் வகுப்பைச் சேர்ந்தது என்று அவர்கள் சொன்னபோதுதான் தெரிந்தது. இப்போதைக்குப் பொடிக்கு மட்டும் போட்டோம். அவர்கள் கூலி 1,499 ரூபாய். அது நியாயமான கூலி. அவர்களுடைய சென்னை அலுவலகத்திலிருந்து பேசிய பெண், எங்கள் கூட்டு ஒப்பந்தத்தின் மாதிரியைப் பற்றிக் கேட்டபோது, "சார், அது எல்லோருக்கும் அனுப்புகிற பொது மாதிரிதான். பணம் ஏற்றத்தாழ்வாகப் போடுகிறீர்கள் என்றால் ஒரு வக்கீலிடம் நேரில் காட்டிவிடுங்கள்" என்றாள். அந்த ஒரு வார்த்தைக்காகவே அந்த நிறுவனத்தின்மேல் எனக்கு மதிப்பு உயர்ந்தது.

அந்த மாதிரி ஒப்பந்தத்தை நான் இருமுறை வாசித்தேன். வழக்கு வந்தால் பெங்களூரு நீதிமன்றத்தில் என்று இருந்தது. எங்களில் ஒருவருக்கும் பெங்களூரில் உறவினர்கூட இல்லை. லாபப் பங்கீட்டுக்குரிய இடம் வெற்றாக இருந்தது. 1932-ஆம் ஆண்டின் கூட்டு வாணிபச் சட்டப்படி, வேறாக எழுதிக்கொள்ளாவிட்டால் முதல் எவ்வளவு போட்டிருந்தாலும் லாபமும் நஷ்டமும் சமபங்கு. உழைப்புக்குத் தனிச் சம்பளமும் இல்லை. கடன் வந்தாலோ ஒவ்வொருவரும் முழுக் கடனுக்கும் பொறுப்பு. அம்மையார் எல்லாவற்றையும் பொறுமையோடு கேட்டுவிட்டு, "நான் நாளைக்கு இல்லையென்றால் என் பையனுக்கு என்ன, தம்பி?" என்று கேட்டார். அதைப் பற்றி அந்த மாதிரியில் ஒரு வரியும் இல்லை. முதலில் பார்த்த நிறுவனத்தின் உரையாடல் பெட்டியில் இக்கேள்வியை எழுதினேன். மூன்று தடவையும் ஒரே வாக்கியம் பதிலாக வந்தது. எழுதியது மனிதரா இயந்திரமா என்பது கடைசிவரை விளங்கவில்லை.

பின்பு கல்யாண் நீதிமன்றத்தில் தொழில் நடத்தும் மராத்திய வழக்கறிஞர் ஒருவரிடம் போனோம். 3,000 ரூபாய் வாங்கினார்; ஒரு மணி நேரம் கேள்விகளே கேட்டார். இருவர் மட்டும் உள்ள கூட்டில் ஒருவர் மறைந்தால் கூட்டே இல்லாமல் போய்விடும், மற்றவர் தனியே நடத்தலாம், ஆனால் கணக்கை எப்படித் தீர்ப்பது என்பதை இப்போதே எழுதிவையுங்கள் என்றார். பதிவு செய்யாத கூட்டு நிறுவனம் பாக்கி வைத்த கடைக்காரர்மேல் வழக்குத் தொடர இயலாது என்பதையும் அவரே சொன்னார். ஆதலால் பதிவும் செய்தோம். என் மனைவியின் உழைப்புக்கு மாதம் 4,000 ரூபாய், எஞ்சிய லாபம் சமபாதி, அம்மையார் மறைந்தால் அவருடைய முதலும் அன்றுவரையிலான லாபமும் மகனுக்கு ஆறு மாதத்துக்குள் என்று எழுதினார். வசதியற்றோர் பொதுச் சேவை மையங்களில் டெலி-லா என்னும் திட்டத்தின் வழியே வழக்கறிஞரிடம் யோசனை கேட்கலாம். அது 2017-இல் ஆரம்பித்த அரசாங்கத் திட்டம்.

ஆங்கிலத்தில் இருந்த ஒப்பந்தத்தை அன்றிரவு எங்கள் வீட்டுக் கூடத்தில் வரிவரியாகத் தமிழில் சொன்னேன். மகனைப் பற்றிய இடம் வந்ததும் அம்மையார் நிறுத்தச் சொன்னார்.

"ஆறு மாதம் வேண்டாம், தம்பி. மூன்று என்று மாற்றச் சொல்லுங்கள். செமஸ்டர் பணம் காத்திருக்காது."

என் மனைவி, "மூன்றே இருக்கட்டும், அக்கா" என்றாள். மறுநாள் வழக்கறிஞர் அந்த ஓர் எண்ணை மட்டும் மாற்றி அச்சிட்டுத் தந்தார், இருவரும் கையொப்பமிட்டார்கள்.