தானே வகுத்த படிப்பு

பட்டப்படிப்பு என்பது கடையிலே தைத்துத் தொங்கவிட்டிருக்கும் சட்டையைப் போன்றது என்றே நம்மவர் இதுகாறும் எண்ணி வந்திருக்கின்றனர். கிடைத்த அளவை எடுத்து அணிந்துகொள்ள வேண்டியதுதான். கை நீளமென்றால் மடித்துவிடலாம். உயர்தர வகுப்பிலே உயிரியல் கற்கும் மாணவன் மருத்துவ பீடம் ஒன்றையே கனவிலும் நனவிலும் காண்கிறான். அனுமதிக்கப்பட்ட மூன்று முறையும் பரீட்சைக்குத் தோற்றி, மூன்றாம் முறையும் தவறிய பின்னர்தான் உலகத்திலே வேறு படிப்புகளும் உண்டென்பது அவனுக்கும் அவனைப் பெற்றோருக்கும் நினைவுக்கு வருகிறது. வகுப்பறையிலே நின்று பல்லாண்டுகளாக இதனைக் கண்டு வரும் எமக்கு, மாணவரே தம் பட்டப்படிப்பைத் தாமே வகுத்துக்கொள்ளும் ஏற்பாடு ஒன்று உண்டென்று கேள்விப்பட்டபோது முதலிலே சந்தேகந்தான் தோன்றியது.

கேள்விப்பட்ட விதம் இது. எமது தமையனார் 1990களின் நடுப்பகுதியிலே நாட்டைவிட்டுப் புறப்பட்டு, பல இடம் அலைந்து, ஈற்றில் நியூயோர்க் நகரின் ஒரு பகுதியாகிய ஸ்ரேற்றன் ஐலண்டிலே குடியேறியவர். இலங்கையர் பலர் அங்கே வாழ்கின்றனர். அவருடைய மூத்த மகள், எமது பெறாமகள், இப்பொழுது சர்வகலாசாலை மாணவி. சென்ற ஆண்டு தமையனார் தொலைபேசியிலே எம்மை அழைத்து, “தம்பி, நீ சொன்னாக் கேப்பாள். இவள் டொக்டருக்கும் படிக்கிறாளில்லை, நேர்சுக்கும் படிக்கிறாளில்லை. தானாக ஒரு படிப்பைக் கட்டப் போறாளாம். பேரில்லாத பட்டத்தை வைச்சு என்ன செய்யிறது?” என்று மனம் நொந்து கூறினார். இரவிலே ஓரிடமும் பகலிலே ஓரிடமுமாக உழைத்து மகளைப் படிப்பித்தவர் அவர். அவர் கேட்டதிலே நியாயம் இருந்தது. நாம் பேசுவதாக ஒப்புக்கொண்டோம்.

பேசுவதற்கு முன் விசாரித்து அறிந்துகொண்டோம். நியூயோர்க் நகர சர்வகலாசாலை 1971ஆம் ஆண்டு தொடக்கம் இத்தகைய பட்டம் ஒன்றை நடத்தி வருகிறது. நகரெங்கும் பரந்து கிடக்கும் அச்சர்வகலாசாலையின் கல்லூரிகள் பலவற்றிலிருந்தும் மாணவர் பாடங்களைத் தெரிந்தெடுக்கலாம். ஆனால், எண்ணியபடி அள்ளிப் போட்டுக்கொள்ள இயலாது. என்ன துறை, ஏன் அத்துறை, எந்தப் பாடம் எதற்காக என்பதை எழுதிக் காட்டவேண்டும். பேராசிரியர் ஒருவர் வழிகாட்டியாக இசைந்து அதனை ஏற்கவேண்டும். எல்லாமாக 120 அலகுகள்; அங்கே கிரெடிட் என்பார்கள். ஏனைய பட்டங்களுக்கும் அமெரிக்காவிலே பொதுவாக அவ்வளவே. ஆகவே பட்டம் குறைந்ததன்று. சட்டையைத் தைப்பது மாணவி. வெட்டு சரியா என்று பார்க்கத் தையற்காரர் ஒருவர் பக்கத்திலே நிற்கிறார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பிள்ளையுடன் பேசினோம். எதற்காக இந்த வேலை என்று கேட்டோம். அவள் சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, தன் அப்பம்மாவைப்பற்றிச் சொல்லத் தொடங்கினாள். அப்பம்மா என்பது எமது தாயார்.

தாயார் தமது கடைசி ஆண்டுகளைத் தமையனாருடன் அங்கேயே கழித்தார். வயிற்று நோவென்று ஆஸ்பத்திரிக்குப் போனபோது தமையனாருக்கு வேலை நேரம். அண்ணியாருக்கு ஆங்கிலம் போதாது. பத்து வயதுப் பிள்ளையே வைத்தியருக்கும் பாட்டிக்கும் நடுவிலே நின்று மொழிபெயர்த்தாள். புற்றுநோயாக இருக்கலாம், சதையிலே சிறிது எடுத்துச் சோதிக்கவேண்டும், தாமதிக்கக் கூடாது என்று வைத்தியர் கூறினாராம். பிள்ளை, “வயித்திலை புண்ணாம், ஒரு சின்ன ஒப்பரேசனாம்” என்றாள். சின்னதென்றால் பிறகு பார்ப்போம், கந்தசஷ்டி விரதம் வருகிறது என்று தாயார் எழுந்துவிட்டார். ஐந்து மாதம் கழிந்தது.

“சித்தப்பா, அந்தச் சொல் எனக்குத் தெரியும். இங்கத்தைத் தமிழ்ச் சனம் கதைக்கேக்கை கேட்டிருக்கிறன். அப்பம்மாவின்ரை முகத்தைப் பாத்துச் சொல்ல வாய் வரேல்லை,” என்றாள்.

அந்த ஐந்து மாதத்தினாலேதான் தாயாரை இழந்தோமென்று எவராலும் சொல்ல முடியாது. இல்லையென்றும் சொல்ல முடியாது. இதனை அவள் பெற்றோருக்கும் சொல்லாமல் பத்து ஆண்டுகளுக்கு மேல் வைத்திருந்திருக்கிறாள். பத்து வயதுக் குழந்தையின் தலையிலே அந்தச் சொல்லை ஏற்றியவர்கள் பெரியவர்கள். இதை அவளுக்கு நாம் அழுத்திச் சொன்னோம். அவள் அதைக் கேட்டாளேயன்றி, ஏற்றுக்கொண்டாளா என்பது தெரியவில்லை.

அமெரிக்காவிலே இதற்குச் சட்டம் இல்லாமலில்லை. அரசாங்கப் பணம் பெறும் நிறுவனங்கள் பிறந்த நாடு காரணமாக எவரையும் வேற்றுமைப்படுத்தலாகாது என்று 1964ஆம் ஆண்டின் குடியியல் உரிமைகள் சட்டம் விதித்தது. மொழி உதவி கொடாமையும் அத்தகைய வேற்றுமையே என்று பின்னர் பொருள் கொள்ளப்பட்டது. 2010இல் வந்த சுகாதாரச் சட்டத்தின் கீழ் 2016ஆம் ஆண்டு வகுத்த விதிகள், அவசர வேளையிலன்றிச் சிறு பிள்ளைகளை மொழிபெயர்ப்புக்கு நிறுத்தலாகாது என்று வெளிப்படையாகவே கூறின. எமது குடும்பத்துக்கு அது காலந்தாழ்த்தி வந்தது. மேலும், விதி இருப்பது ஒன்று. நோயாளியான கிழவி ஒருத்தி தனக்கு மொழிபெயர்ப்பாளரைக் கேட்கும் உரிமை உண்டென்று அறிந்திருப்பது வேறொன்று.

பெறாமகள் எமக்கு ஒரு புத்தகத்தின் கதையையும் சொன்னாள். அதுவும் குடியேறிய மக்களின் கதையே. லாவோஸ் நாட்டின் மலைகளிலே வாழ்ந்த மொங் இன மக்கள் 1975இன் பின் அகதிகளாக அமெரிக்கா சென்றனர். அவர்களுள் ஒரு குடும்பம் கலிபோர்னியாவின் மெர்செட் என்னும் ஊரிலே குடியேறியது. அக்குடும்பத்தில் 1982இல் பிறந்த லியா லீ என்ற குழந்தைக்கு வலிப்பு நோய். குழந்தையின் ஆன்மா அஞ்சி ஓடிவிட்டது, அதனை அழைத்து வரவேண்டும் என்பது பெற்றோர் நம்பிக்கை. மூளையிலே கோளாறு, மருந்தை வேளை தவறாது கொடுக்கவேண்டும் என்பது வைத்தியர் முடிவு. மருந்துகள் அடிக்கடி மாற்றப்பட்டன. போத்தலில் ஒட்டிய எழுத்தைப் பெற்றோரால் வாசிக்க முடியாது. மொழிபெயர்க்கவும் பெரும்பாலும் ஆளில்லை. 1986இல் வந்த கொடிய வலிப்பின் பின் குழந்தை நினைவு திரும்பவேயில்லை. சில காலமே உயிர்வாழும் என்று எண்ணிய அக்குழந்தையைக் குடும்பத்தினர் வீட்டிலே வைத்துப் பேணினர். 2012 வரை அவள் வாழ்ந்தாள். ஆன் ஃபடிமன் என்ற எழுத்தாளர் 1997இல் இதனை நூலாக்கினார். இன்று அது மருத்துவ மாணவர்க்குப் பாடமாக இருக்கிறது. அந்த வைத்தியர்களும் கெட்டவர்களல்லர், அந்தப் பெற்றோரும் அன்பற்றவர்களல்லர் என்பதே அந்நூலில் எம்மை அதிகம் கலக்கிய செய்தி.

அப்படியானால் வைத்தியராகிவிடு என்றுதான் எவரும் சொல்வர், நாமும் சொன்னோம். அதற்கு அவள் தந்த மறுமொழி சிந்திக்கத்தக்கது. வைத்தியரிடம் நோயாளி செலவிடும் நேரம் பெரும்பாலும் கால் மணி அளவே. அந்தக் கால் மணிக்கு முன்னும் பின்னும் உள்ள காலத்துக்கு ஆளில்லை என்றாள். இதைக் கேட்டதும் எமக்கு நமது நாட்டுக் குடும்பநல மாதுக்களின் நினைவு வந்தது. 1926இல் களுத்துறையிலே முதலாவது சுகாதாரப் பகுதி ஆரம்பிக்கப்பட்ட காலந்தொட்டு இலங்கையிலே வேரூன்றிய முறை அது. கர்ப்பிணி இருக்கும் வீட்டின் படலையைத் திறந்துகொண்டு அந்தப் பெண்மணி உள்ளே வருகிறாள். மாமியாரிடம் பேசுகிறாள், அடுப்பிலே என்ன வேகிறதென்று பார்க்கிறாள், பிள்ளையின் நிறை வளர்கிறதா என்று குறிக்கிறாள். நமது நாட்டிலே தாய் சேய் மரணம் குறைந்ததற்கு அவர்களுடைய கால்நடைக்குப் பெரும் பங்குண்டு. செல்வங் கொழிக்கும் நியூயோர்க்கிலே நம்மவர் வீட்டுப் படலையைத் திறக்க அப்படி ஒருவர் இல்லை. எமது பெறாமகள் தேடும் வேலை அதுவே. அதற்கென்று அங்கே ஆயத்தமான பட்டந்தான் இல்லை.

அவள் வகுத்திருந்த திட்டத்தை அனுப்பச் சொல்லிப் பார்த்தோம். பொதுச் சுகாதாரம், மானிடவியல், போசாக்கு, உளவியல் என்று நல்ல பாடங்களே இருந்தன. புள்ளிவிபரவியல் மட்டும் ஓர் ஒப்புக்குப் போல ஒரே ஒரு பாடமாக நின்றது. கணிதம் அவளுக்குக் கசப்பு. இவ்விடத்தில் நாம் விட்டுக்கொடுக்கவில்லை.

காரணம் உண்டு. அமெரிக்கக் கணக்குகள் பலவற்றிலே சீனர், யப்பானியர், இந்தியர், இலங்கையர் யாவரும் ஆசியர் என்ற ஒரே கூடையிலே போடப்படுகின்றனர். அக்கூடையின் சராசரி நலமாகத் தோன்றும். உள்ளே நம்மவர் நீரிழிவாலும் இருதய நோயாலும் படும் பாடு வெளியே தெரியாது. தென்னாசியரை மாத்திரம் தனியே பின்தொடர்ந்து ஆராயும் மசாலா என்னும் பெயருடைய ஆய்வு 2010இலேதான் தொடங்கியது. முதலிலே சேர்க்கப்பட்டோர் 906 பேர். எடையிலும் இதே சங்கதி. எடையைக் கிலோகிராமிலும் உயரத்தை மீற்றரிலும் எடுத்து, எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவது உடற்றிணிவுச் சுட்டி. அது 25ஐத் தாண்டினால் எடை அதிகம் என்பது மேனாட்டு அளவுகோல். ஆசிய இனத்தவர் பலருக்கு 23இலேயே ஆபத்து ஆரம்பிக்கிறதென்று உலக சுகாதார தாபனத்தின் நிபுணர் குழு 2004இல் எடுத்துக் காட்டியது. அமெரிக்க நீரிழிவுச் சங்கம் ஆசிய வம்சத்தவரைச் சோதிக்கும் எல்லையை 23ஆகக் குறைத்தது 2015இலே. மெலிந்த தேகியாகக் காணப்படும் நமது மனிதர் ஒருவர், “எனக்கென்ன சலரோகம்?” என்று மூன்று வேளையும் சோறும் புட்டும் உண்டு திரிவதற்கும், வைத்தியர் அவரைச் சோதியாமல் அனுப்பிவிடுவதற்கும் அந்த இரண்டு புள்ளிகளே போதும். இவற்றையெல்லாம் கண்டுபிடித்தவர்கள் எண்ணத் தெரிந்தவர்கள். தன் சமூகத்துக்கு உழைக்கப் புறப்படுபவருக்குக் கண்ணீர் மாத்திரம் இருந்தால் போதாது, கணக்கும் வேண்டும் என்றோம். முனகிக்கொண்டே மேலும் இரண்டு பாடங்களைச் சேர்த்தாள்.

தமையனாரின் கவலைக்கும் வழி பார்க்க வேண்டியிருந்தது. உடலமைப்பியல், நுண்ணுயிரியல், இரசாயனம் ஆகிய பாடங்களைத் திட்டத்துக்குள்ளே வைத்துக்கொண்டால், பிற்காலத்திலே தாதியர் கல்விக்குப் போக விரும்பினும் கதவு பூட்டியிராது. பொதுச் சுகாதாரத்திலே முதுமாணிப் பட்டம் பெறுவதானாலும் இந்த அத்திவாரம் உதவும். அதற்குப் பொதுவாக இரண்டு ஆண்டுகள் செல்லும். இதனை விளக்கியபோது தமையனார், “அப்ப பட்டத்துக்குப் பேர் என்ன?” என்று மறுபடியும் கேட்டார். கலியாணப் பேச்சிலே என்ன சொல்வது என்ற கவலை அவருக்கு. அதற்கு எம்மிடம் விடையில்லை. இன்றளவும் அவர் முழு மனதோடு இணங்கியதாகத் தெரியவில்லை; எதிர்ப்பதை மாத்திரம் நிறுத்தியிருக்கிறார்.

எமது பங்குக்கு நாம் விதித்த நிபந்தனை ஒன்று. பெறாமகள் தமிழ் பேசுவாள், வாசிக்கத் தெரியாது. சமூகத்துக்காகப் படிப்பவள் சமூகத்தின் எழுத்தை அறியாதிருப்பது எங்ஙனம்? அமெரிக்க மிஷனைச் சேர்ந்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இலே யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயிலே இருந்து மருத்துவம் செய்தவர், 1860களிலே மாணவருக்கு மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பிக்கத் துணிந்தார்; ஆங்கில வைத்திய நூல்களைத் தமிழாக்கினார்; 1873இல் ஊர் திரும்பினார். அவர் வந்த மிஷனின் நோக்கங்களை நாம் சைவர் என்ற முறையிலே ஏற்பதற்கில்லை. ஆயினும், நோயாளியின் மொழியிலே பேசாத வைத்தியம் பாதி வைத்தியமே என்பதை அந்த அந்நியர் உணர்ந்திருந்தார். அமெரிக்கர் ஒருவர் இங்கு வந்து செய்ததை, நம்முடைய பிள்ளை அமெரிக்காவிலே செய்யவேண்டியிருக்கிறது. இதைச் சொன்னவுடன் நிபந்தனைக்கு இணங்கிவிட்டாள்.

அன்று முதல் ஞாயிறுதோறும் அவளுக்கு இரவு, எமக்கு விடியற்காலை, தொலைபேசியிலே பாடம் நடக்கிறது. அரிச்சுவடி முடிந்து, இப்பொழுது எழுத்துக் கூட்டிப் பத்திரிகைத் தலைப்புகளை வாசிக்கிறாள். றகரமும் ரகரமும் இன்னும் தகராறு செய்கின்றன. பேராசிரியர் ஒருவர் வழிகாட்டியாக இசைந்துவிட்டார். நோயாளிகளுக்கான தமிழ்ச் சொற்பட்டியல் ஒன்றைத் தயாரிப்பதும் அவளுடைய பட்டப்படிப்பின் ஒரு பகுதியாக ஏற்கப்பட்டிருக்கிறது.

அதற்கு ஒவ்வொரு வாரமும் சொற்கள் கேட்டு எழுதுகிறாள். சென்ற வாரம் பயொப்சி என்பதற்குக் கேட்டிருந்தாள். “இழையப் பரிசோதனை” என்று எழுதி அனுப்பினோம். சிறிது நேரத்திலே மறுமொழி வந்தது: “அப்பம்மாவுக்கு இது விளங்கியிருக்குமோ, சித்தப்பா?” நாம் யோசித்துப் பார்த்து, “சதையிலை துளி எடுத்துப் பாக்கிறது” என்று மாற்றி எழுதினோம். பட்டியலிலே இரண்டையும் சேர்த்திருக்கிறாள். இரண்டாவதை முதலில் வைத்திருக்கிறாள்.